தவளையரசன் கதையும் குழந்தை வாசகரும்: கிரிம் பதிப்புகளை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

கிரிம் சகோதரர்களின் கதைத்தொகுப்பில் முதலாவதாக இடம்பெற்ற தவளையரசன் கதை இன்று உலகெங்கும் குழந்தைக் கதையாக அறியப்படுகிறது. அரசிளங்குமரி முத்தமிட்டதும் தவளை அரசகுமாரனாக மாறுவதே அதன் முடிவு என்பது பொதுக் கருத்து. ஆனால் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட எந்தப் பதிப்பிலும் அம்முத்தம் இல்லை. 1810ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படி தொடங்கி 1857ஆம் ஆண்டின் இறுதிப் பதிப்பு வரை இக்கதை அடைந்த மாற்றங்களையும், 1823இல் வெளிவரத் தொடங்கிய ஆங்கில மொழிபெயர்ப்பு அதற்கு அளித்த வடிவத்தையும் ஒப்பிட்டு, ஒரு கதை குழந்தைகளுக்குரியதாக ஆக்கப்படும்போது எவை நீக்கப்படுகின்றன, எவை சேர்க்கப்படுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தவளையரசன், கிரிம் சகோதரர்கள், குழந்தை இலக்கிய வரலாறு, பாட வேறுபாடு, வாய்மொழிக் கதை

முன்னுரை

வாய்மொழிக் கதைகள் தோற்றத்திலேயே குழந்தைகளுக்கு உரியவை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. வரலாறு இதற்கு மாறானது. ஐரோப்பியக் கிராமங்களிலும் நகரங்களிலும் கதை சொல்லப்பட்ட இடங்களில் பெரியவர்களும் சிறியவர்களும் ஒருங்கே இருந்தனர். குழந்தைப் பருவம் தனித்த பராமரிப்பும் தனித்த வாசிப்பும் வேண்டுகிற பருவமாகக் கருதப்பட்டதற்கு ஒரு வரலாறு உண்டு என்பதைப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியே 1960இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவருடைய முடிவுகள் பலவும் பின்னர் மறுக்கப்பட்டுள்ளன. எனினும் குழந்தை வாசகர் என்பவர் உருவாக்கப்பட்டவர் என்னும் அடிப்படைக் கருத்து குழந்தை இலக்கிய ஆய்வில் நிலைபெற்றுவிட்டது.

இந்த உருவாக்கம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஒரே கதையின் அடுத்தடுத்த பாடங்களில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். தவளையரசன் கதை இதற்கு மூன்று காரணங்களால் பொருந்துகிறது. முதலாவதாக, அச்சுக்கு முந்திய கையெழுத்துப்படி நமக்குக் கிடைத்துள்ளது. இரண்டாவதாக, 1812 முதல் 1857 வரை வெளிவந்த ஏழு பெரும்பதிப்புகளிலும் இக்கதையே முதற்கதையாக நின்றது. மூன்றாவதாக, அரசன், அரசன் மகள், அரசகுமாரன் ஆகிய மூவரிடையிலும் கட்டளை, வாக்குறுதி, மறுப்பு ஆகியவை எவ்வாறு பகிர்ந்தளிக்கப்படுகின்றன என்பதே இக்கதையின் மையம். குழந்தைக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்று பதிப்பாசிரியர் கருதுகிறாரோ, அது இப்பகிர்வில் வெளிப்பட்டுவிடுகிறது.

கதையின் அடிப்படை வடிவம்

அரசன் மகள் ஒருத்தி காட்டிலுள்ள நீரூற்றருகே பொற்பந்து கொண்டு விளையாடுகிறாள். பந்து நீரில் விழுந்துவிடுகிறது. அவள் அழ, தவளை ஒன்று தலைநீட்டி, தன்னைத் தோழனாக ஏற்று உடன் உண்ணவும் உடன் உறங்கவும் இசைந்தால் பந்தை மீட்டுத் தருவதாகக் கூறுகிறது. அவள் இசைகிறாள். பந்து கைக்கு வந்ததும் தவளையை மறந்து ஓடிவிடுகிறாள். மறுநாள் தவளை அரண்மனைக்கு வந்து வாக்கை நினைவூட்டுகிறது. செய்தியறிந்த அரசன், கொடுத்த வாக்கைக் காக்குமாறு மகளுக்கு ஆணையிடுகிறான். அவள் தன் தட்டில் தவளையை உண்ண விடுகிறாள். படுக்கையறையில் அது படுக்கைக்கு வர வேண்டும் என்றதும் சினம் மீதூரத் தவளையைச் சுவரில் வீசி எறிகிறாள். அது அரசகுமாரனாக மாறுகிறது. மறுநாள் அவனுடைய பணியாளன் ஹைன்ரிஹ் தேருடன் வருகிறான். தலைவன் தவளையான துயரில் இதயம் வெடித்துவிடாதிருக்க அவன் தன் நெஞ்சைச் சுற்றி மூன்று இரும்புக் கட்டுகள் இட்டிருந்தான். வழியில் அவை ஒவ்வொன்றாக ஓசையுடன் அறுகின்றன. கிரிம் பதிப்புகளில் கதையின் தலைப்பு இப்பணியாளனின் பெயரையும் தாங்கியிருக்கிறது. கதைவகை அட்டவணையில் ஆர்னே, தாம்சன், ஊத்தர் ஆகியோர் இதற்கு 440 என்னும் எண்ணை வழங்கியுள்ளனர்.

இந்த அடிப்படை வடிவத்திலேயே ஒரு முரண் இருக்கிறது. வாக்குக் காக்க வேண்டும் என்பது அரசனின் கட்டளை. ஆனால் தவளையின் சாபம் நீங்குவது மகள் அக்கட்டளைக்குப் பணிந்ததால் அன்று. பணிய மறுத்த கணத்தில்தான். கீழ்ப்படிதலைப் போதிக்கும் கதையாக இதை வாசிக்க முற்படும் எவரும் இந்த இடத்தில் இடறியே தீர வேண்டும். பதிப்பு வரலாறு முழுவதும் இந்த இடறலைக் கடக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாறு என்று கூறலாம்.

1810: கையெழுத்துப்படி

யாக்கோப் கிரிமும் வில்ஹெல்ம் கிரிமும் தாம் திரட்டிய கதைகளின் படிகளை 1810ஆம் ஆண்டு கவிஞர் கிளெமன்ஸ் பிரெண்டானோவுக்கு அனுப்பினர். அவர் அவற்றைத் திருப்பித் தரவில்லை. தம்மிடம் இருந்த குறிப்புகளைச் சகோதரர்கள் அச்சுக்குப் பின் பேணவில்லை. பிரெண்டானோவிடம் தங்கிவிட்ட படிகளோ அல்சாஸ் பகுதியின் ஓலென்பெர்க் துறவிமடத்தில் கிடைத்தன. ஹைன்ஸ் ரோலெக்கே 1975இல் இக்கையெழுத்துப்படியையும் 1812ஆம் ஆண்டின் அச்சுப் பாடத்தையும் எதிரெதிரே வைத்துப் பதிப்பித்தார். கிரிம் சகோதரர்கள் கேட்டதைக் கேட்டவாறே எழுதியவர்கள் என்ற நம்பிக்கை அதன்பின் நிலைக்கவில்லை. தவளையரசன் கதை காசல் நகரின் வில்ட் குடும்பத்தாரிடமிருந்து பெறப்பட்டதாகக் கருதப்படுகிறது. அது மருந்துக்கடை நடத்திய நகரக் குடும்பம். பின்னாளில் வில்ஹெல்மின் மனைவியான டோரத்தேயா வில்ட் பிறந்த குடும்பமும் அதுவே.

கையெழுத்துப்படியின் நடை மிகச் சுருக்கமானது. வருணனை இல்லை, அறவுரையும் இல்லை. அரசன் ஆணையிடுகிறான், காரணம் கூறுவதில்லை. மகள் குளிர்ந்த உடல் கொண்ட தவளைக்கு அஞ்சுகிறாள். பின் சினந்து எறிகிறாள். சுவரில் மோதிய தவளை படுக்கையின் மேலேயே விழுந்து இளைஞனாகக் கிடக்கிறது. அவளும் அவனருகே படுத்துக்கொள்கிறாள். திருமணம் பற்றிய பேச்சு அவ்விடத்தில் எழவில்லை. சொல்பவரும் கேட்பவரும் இதில் நாணத்தக்கது எதையும் கண்டதாகத் தெரியவில்லை.

1812 முதல் 1819 வரை: யாருக்கான நூல்?

முதல் தொகுதி 1812ஆம் ஆண்டு டிசம்பரில் பெர்லினில் ரைமர் பதிப்பகத்தின் வழி 86 கதைகளுடன் வெளிவந்தது. 1815இல் 70 கதைகளுடன் இரண்டாம் தொகுதி வந்தது. நூலின் தலைப்பு குழந்தைகளையும் இல்லத்தையும் சுட்டியது. முதல் தொகுதி பெட்டினா ஃபான் ஆர்னிமுக்கும், அதே ஆண்டு மே மாதம் பிறந்த அவருடைய மகனுக்கும் உரிமையாக்கப்பட்டிருந்தது. ஆயினும் நூலின் அமைப்பு அறிஞர்களையே நோக்கியிருந்தது. படங்கள் இல்லை, ஒப்பீட்டுக் குறிப்புகள் நூலுடன் சேர்த்தே அச்சிடப்பட்டிருந்தன. கதைகள் அறம் போதிப்பதற்காகத் தோன்றியவை அல்ல; மலரிலிருந்து கனி தோன்றுவதுபோல் அறம் அவற்றிலிருந்து தானே விளையலாம் என்பது முன்னுரையின் நிலைப்பாடு.

தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையிலிருந்த இந்த இடைவெளியை முதலில் சுட்டியவர்களுள் ஒருவர் நண்பர் ஆகிம் ஃபான் ஆர்னிம். குழந்தைகள் ஒருவரையொருவர் அறுத்து விளையாடுவது பற்றிய கதையைக் குறித்துத் தாய்மார்கள் அஞ்சுவதை அவர் எடுத்துரைத்தார். யாக்கோப் தம் விடையில், இந்நூலைக் குழந்தைகளுக்காகவே எழுதவில்லை என்றும், அவர்கள் அதை விரும்பினால் மகிழ்ச்சியே என்றும், கவிதை, தொன்மம், வரலாறு ஆகிய துறைகளில் ஈடுபடும் முதிர்ந்தோருக்கு அது பயன்படும் என்ற நம்பிக்கையே தம்மை உழைக்கச் செய்தது என்றும் தெரிவித்தார். ஃபிரீட்ரிஹ் ரூஸ் போன்ற மதிப்புரையாளர்களோ, கருவுற்ற ராப்புன்செல் தன் ஆடை இறுகுவதை வெகுளியாகக் கூறும் இடம் போன்றவை குழந்தைகளின் கைக்கு வரலாமா என்று வினவினர்.

1819ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பு இவ்வினாக்களுக்கு விடையாக அமைந்தது. திருத்தப் பணி பெரும்பாலும் வில்ஹெல்மின் கைக்கு மாறியது. குழந்தைப் பருவத்துக்குப் பொருந்தாத சொற்கள் கவனத்துடன் நீக்கப்பட்டன என்று முன்னுரையே அறிவித்தது. நூல் கல்விக்குரியது என்ற உரிமையும் அதில் கோரப்பட்டது. அதே முன்னுரை, சில பகுதிகள் பெற்றோருக்குச் சங்கடம் தருமாயின் அவர்களே தேர்ந்து கொள்ளலாம் என்றும் இடம்விட்டது. அறுத்து விளையாடும் கதை விலக்கப்பட்டது. ராப்புன்செலின் பேச்சு மாற்றப்பட்டது. ஸ்னோ ஒயிட்டின் தாய் மாற்றாந்தாய் ஆனாள். குறிப்புகள் 1822இல் தனித் தொகுதியாகப் பிரிக்கப்பட்டன. அறிஞரும் குழந்தையும் ஒரே நூலுக்குள் இருந்த நிலை இத்துடன் முடிவுக்கு வந்தது.

தவளையரசன் கதையில் நிகழ்ந்த மாற்றங்கள்

கையெழுத்துப்படியையும், 1812ஆம் ஆண்டுப் பாடத்தையும், இறுதிப் பதிப்பின் பாடத்தையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் மாற்றங்கள் நான்கு இடங்களில் குவிவதைக் காணலாம்.

முதலாவது, படுக்கை. 1810இலும் 1812இலும் தவளை படுக்கையில் விழுந்து அங்கேயே அரசகுமாரனாகிறது. 1812இல் இருவரும் மகிழ்ச்சியுடன் ஒருங்கே உறங்குகின்றனர். இறுதிப் பாடத்தில் தவளை கீழே விழுகிறது. விழுந்த இடம் படுக்கை என்ற குறிப்பு இல்லை. இருவரும் உறங்கினர் என்ற செய்தி மட்டும் எஞ்சுகிறது. அதற்கு முன்பாகவே திருமணம் உறுதிசெய்யப்பட்டுவிடுகிறது.

இரண்டாவது, தந்தையின் இசைவு. இறுதிப் பாடத்தில் அரசகுமாரன் அவளுடைய கணவனாவது தந்தையின் விருப்பப்படி என்று வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. கையெழுத்துப்படியில் இரண்டு இளையோருக்கு இடையே நிகழ்ந்தது இப்போது குடும்பத் தலைவனின் ஒப்புதலால் நிகழ்வதாகிறது.

மூன்றாவது, அரசனின் பேச்சு. 1812இலும் படுக்கையறைக் கோரிக்கைக்குப் பின் அரசன் சினந்து ஆணையிடுகிறான். ஆனால் அங்கு அச்சுறுத்தல் மட்டுமே உண்டு. இறுதிப் பாடத்தில் அவன் காரணம் கூறுகிறான்: இடர்ப்பட்டபோது உதவியவரைப் பின்னர் இகழலாகாது என்பது அதன் கருத்து. கட்டளை இங்கே நீதிமொழியாக உயர்கிறது, அரசன் ஆசிரியனாகிறான்.

நான்காவது, வருணனை. கதிரவனும் வியக்கும் அழகினள் இளைய மகள் என்ற முன்னுரை, பழைய லிண்டன் மரம், வெம்மை மிக்க பகல் ஆகியவை பின்னர் சேர்ந்தவை. சூனியக்காரியின் சாபம் பற்றிய விளக்கமும் இறுதிப் பாடத்தில் அரசகுமாரன் வாயால் வருகிறது. கேட்கும் குழந்தை எழுப்பக்கூடிய ஐயங்களுக்குக் கதையே முன்கூட்டி விடையளிக்கத் தொடங்குகிறது.

குழந்தைக்கு ஏற்றதாக்குதல் என்பது நீக்கம் மட்டுமே என்று கருதுவது போதாது என்பதை இவை காட்டுகின்றன. நான்கு மாற்றங்களில் ஒன்று மட்டுமே நீக்கம். மற்ற மூன்றும் சேர்க்கைகள். சேர்க்கப்பட்டவற்றுள் இரண்டு தந்தையின் நிலையை உயர்த்துகின்றன. இக்கதையின் அரசனுக்கு நாடு இல்லை, படை இல்லை, அமைச்சர் இல்லை. அவன் உணவு மேசையில் அமர்ந்து மகளைத் திருத்தும் தந்தை. அரசகுலம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய நடுத்தர இல்லத்தின் பொன்முலாம் பூசிய உருவமாகவே இங்கு நிற்கிறது. குழந்தை வாசகர் அரண்மனைக்குள் அழைத்துச் செல்லப்பட்டாலும், அங்கு காண்பது தன் வீட்டு ஒழுங்கையே.

மாறாத ஒன்று

இத்தனை திருத்தங்களுக்கு இடையிலும் வில்ஹெல்ம் தொடாத இடம் ஒன்று உண்டு. 1810 முதல் 1857 வரை எல்லாப் பாடங்களிலும் மகள் சினந்து தவளையைச் சுவரில் எறிகிறாள். உடலுறவைக் குறிக்கும் இடங்களில் காட்டிய எச்சரிக்கையை வன்முறை சார்ந்த இடங்களில் கிரிம் பதிப்புகள் காட்டவில்லை என்பதை மரியா டாட்டார் 1987ஆம் ஆண்டு நூலில் விரிவாக நிறுவியுள்ளார். எறிதல் நிலைத்ததற்கு அப்பொது விளக்கம் பொருந்தும். எனினும் இக்கதையைப் பொறுத்தவரை விளைவு வேறு. தந்தையின் அறவுரை வலுப்பெற வலுப்பெற, மகளின் மறுப்பும் கூர்மையடைகிறது. வில்ஹெல்ம் அரசன் வாயில் நீதியை வைத்த அதே பக்கத்தில், அந்நீதியை மீறிய செயலே மீட்பைத் தருகிறது. திருத்தியவர் இம்முரணை நீக்க முயலவில்லை.

உளப்பகுப்பாய்வாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1976இல் வெளியிட்ட நூலில் இவ்விடத்துக்குத் தனி அழுத்தம் அளித்தார். அருவருப்பும் அச்சமும் சினமாக மாறி, அவள் தன்னை நிலைநாட்டும் கணத்தில்தான் வெறுப்பு அன்பாகிறது என்பது அவர் வாசிப்பு. காலங்கடந்த உளவியல் உண்மையாக அவர் இதை முன்வைத்ததைச் சமூக வரலாற்று நோக்குடைய ஜாக் சைப்ஸ் போன்றோர் ஏற்கவில்லை. அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், கதையின் திருப்பம் மகளின் செயலில் இருக்கிறது என்பதைப் பாட ஒப்பீடு உறுதிப்படுத்துகிறது.

1823: ஆங்கிலக் குழந்தைக்கான வடிவம்

லண்டன் வழக்குரைஞர் எட்கர் டெய்லர் கிரிம் கதைகளைத் தேர்ந்து மொழிபெயர்த்தார். ஜார்ஜ் குரூக்ஷாங்கின் படங்களுடன் அத்தொகுப்பு 1823இல் வெளிவரத் தொடங்கியது. அதில் அரசிளங்குமரி தவளையை எறிவதில்லை. தவளை மூன்று இரவுகள் அவள் அறையில் தங்குகிறது. மூன்றாம் இரவு கழிந்த காலையில் அரசகுமாரன் நிற்கிறான். ஹைன்ரிஹ் வருகிறான், ஆனால் இரும்புக் கட்டுகள் இல்லை.

ஆங்கிலேயரின் நாகரிக நாணமே கதையை மென்மையாக்கியது என்ற கருத்து உண்டு. அது முழு உண்மை ஆகாது. கிரிம் சகோதரர்கள் 1815ஆம் ஆண்டின் இரண்டாம் தொகுதியில் தவளை அரசகுமாரன் பற்றிய வேறொரு கதையையும் அச்சிட்டிருந்தனர். அதில் மூன்று மகள்களுள் இளையவள் தவளைக்கு இசைகிறாள். மூன்று இரவுகளின் பொறுமைக்குப் பின் சாபம் நீங்குகிறது. 1819இல் அக்கதை தொகுப்பிலிருந்து விலக்கப்பட்டது. டெய்லரின் முடிவு இவ்வடிவத்துடன் ஒத்துப்போகிறது. ஆகவே அவர் கதையைத் திரித்தார் என்பதைவிட, மரபில் இருந்த இரண்டு முடிவுகளுள் பணிவு சார்ந்ததைத் தேர்ந்தார் என்பதே பொருத்தமானது. இத்தேர்வில் முரண் மறைந்துவிடுகிறது: தந்தை சொல் கேட்ட மகளுக்குப் பரிசு கிடைக்கிறது.

டெய்லரின் படநூல் பெற்ற வரவேற்பு கிரிம் சகோதரர்களையும் பாதித்தது. ஐம்பது கதைகள் மட்டும் கொண்ட சிறுபதிப்பு ஒன்று, இளவல் லுட்விக் எமில் கிரிம் வரைந்த ஏழு படங்களுடன் 1825ஆம் ஆண்டிட்டு வெளிவந்தது. குறிப்புகள் இல்லாத, விலை குறைந்த, இல்லத்துக்கான நூல் அது. 1858 வரை பத்துப் பதிப்புகள் கண்டது. கிரிம் கதைகள் மக்களிடையே பரவியதற்குப் பெரும்பதிப்பைவிட இச்சிறுபதிப்பே காரணம். தவளையரசன் கதை அதிலும் இடம்பெற்றது. எறிதலும் உடன் இருந்தது.

முத்தம்

மார்கரெட் ஹன்ட் 1884இல் வெளியிட்ட முழு மொழிபெயர்ப்பில் எறிதல் அப்படியே உள்ளது. ஆங்கில வாசகர் மூல முடிவை அறியாதவர் என்று சொல்ல இடமில்லை. எனினும் இருபதாம் நூற்றாண்டின் ஆங்கில வழக்கில் முத்தமே பரவலாகி, பழமொழிகளிலும் கேலிச்சித்திரங்களிலும் விளம்பரங்களிலும் வேரூன்றியது. 2009இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட திரைப்படம் அம்முத்தத்தையே கதையின் அச்சாகக் கொண்டு, அதைத் தலைகீழாக்கி வேடிக்கை செய்தது. முத்தம் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் அவ்வேடிக்கை எடுபடும்.

இம்மூன்று முடிவுகளையும் ஒப்பிட்டால் குழந்தைக்கு எது சொல்லப்படுகிறது என்பது தெளிவாகும். எறியும் மகள், வாக்கின் பெயரால் தன் உடலருகே வர முயல்வதை மறுக்கிறாள். மூன்றிரவு பொறுப்பவள் விரும்பாததைத் தாங்கிக்கொள்கிறாள். முத்தமிடுபவள் விரும்பாததை விரும்பக் கற்கிறாள். பெரியோர் இம்மூன்றுள் முத்தத்தையே குழந்தைக்கு மிகவும் மென்மையானது எனக் கருதுகின்றனர். ஆனால் விருப்பமின்மையைச் சொல்வதற்கான இடம் கதையில் படிப்படியாகக் குறைந்து, முத்தத்தில் முற்றிலும் மறைகிறது என்பதும் உண்மை. சுவரில் எறிதலின் கொடுமையை மட்டும் கண்டு அதை நீக்கும்போது, மறுக்கும் உரிமையும் சேர்ந்தே நீங்கிவிடுகிறது.

இரும்பு ஹைன்ரிஹ்ஹின் மறைவும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. குழந்தைகளுக்கான சுருக்கங்கள் பெரும்பாலானவற்றில் அவன் இல்லை. அரசகுமாரன் தவளையாக இருந்த காலத்தில் அவனுக்காகத் துயருற்றவர் ஒருவர் இருந்தார் என்பதைக் கதையில் உணர்த்துபவன் அவன் ஒருவனே. அவன் நீங்கியபின் கதையில் எஞ்சுவது காதலும் திருமணமும் மட்டுமே.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு. தவளையரசன் கதை தொடக்கத்தில் குழந்தைகளுக்கென்று தனித்து உருவானதன்று. 1812க்கும் 1825க்கும் இடையே விமர்சனம், பதிப்பு உத்தி, மொழிபெயர்ப்பின் வெற்றி ஆகியவற்றால் குழந்தை நூலாக்கப்பட்டது. இம்மாற்றத்தில் நீக்கத்தைவிடச் சேர்க்கையின் பங்கு மிகுதி. சேர்க்கைகள் தந்தையின் அதிகாரத்தை அறமாக மாற்றின. மகளின் மறுப்பைக் கிரிம் சகோதரர்கள் தம் எந்தப் பெரும்பதிப்பிலும் நீக்கவில்லை. பணிவு சார்ந்த மாற்று முடிவும் அவர்களுடைய தொகுப்பிலேயே இருந்தது. முத்தம் பிற்கால வழக்கு.

வாய்மொழிக் கதையைக் குழந்தைகளுக்கெனப் பதிப்பிப்போர் சொல்லையும் காட்சியையும் தணிப்பது இயல்பு. அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் தணிக்கும்போது கதையின் திருப்பம் யாருடைய செயலால் நிகழ்கிறது என்பதை மாற்றுகிறோமா என்ற வினாவைப் பதிப்பாசிரியர் தமக்குத் தாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். தவளையை மெல்லக் கீழே இறக்கிவிட்டு அறையை விட்டு வெளியேறும் அரசிளங்குமரியையும் ஒரு குழந்தைப் பாடம் படைக்கலாம். வன்முறை தவிர்க்கப்படும், மறுப்பும் நிலைக்கும். அத்தகைய வடிவம் பரவாமல் முத்தம் பரவியதற்கான காரணங்களை இருபதாம் நூற்றாண்டுப் படநூல் சந்தையின் வரலாற்றில் தேடுவது இவ்வாய்வின் அடுத்த கட்டமாக அமையும்.